லோடருக்குக் கீழே பீலிக்ஸ்

இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ஜேர்மன் மார்க். மகேந்திரராஜா பட்ட கடன் அவ்வளவுதான். அவர் எங்கள் நடேசனின் மைத்துனர். சந்தேகமென்றால் நடேசனிடமே கேளுங்கள். ஆனால் விடிந்த பிறகு கேளுங்கள்... இருட்டில் அவன் இதைப் பேச மாட்டான்.

எண்பத்தேழாம் ஆண்டு. இரவு பத்து மணி. ஜேர்மனியில் ஹம் நகர ஸ்டேஷனில் இறங்கி, கால்வாய்க் கரையோடு அரை மணி நேரம் நடக்க வேண்டும். வீடு இல்லை. விளக்கு இல்லை. ஒரு பக்கம் தண்ணீர்... மறுபக்கம் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே மண் அள்ளும் இயந்திரங்கள், கழுத்தைத் தொங்கப் போட்டபடி வரிசையாக நிற்கும்.

அங்கேதான் அவருக்கு வேலை. பகலில் பழுதான லோடர், புல்டோசர் எல்லாம் மாலையில் வந்து சேரும். காலை ஆறு மணிக்குத் திரும்ப ஓட வேண்டும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இதே வேலை பார்த்த கை அது. வேலை தெரியும். வேலை செய்ய அனுமதிதான் இல்லை. அகதி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனுக்கு அந்த நாளில் ஏது அனுமதி?

அனுமதி, முன்பே வந்து விசா எடுத்துவிட்ட எங்கள் ஊர்க்காரன் பீலிக்ஸிடம் இருந்தது. மகேந்திரராஜாவை இங்கே கொண்டுவர ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டியவனும் அவன்தான்.

"என்ரை பெர்மிட் காட்டைக் காட்டி நீர் வேலைக்குப் போம், ஐசே. சம்பளம் என்ரை பேருக்கு வரும். மாசம் முந்நூற்று முப்பது கழிப்பன். எட்டு மாசத்திலை கடன் சரி."

"படத்தைப் பாத்துப் பிடிச்சாங்களெண்டால்?"

"படத்திலையும் மீசை, உம்மிலையும் மீசை. வெள்ளைக்காரனுக்கு அது காணும். ஆர் கேட்டாலும் நீர் பீலிக்ஸ். விளங்குதோ?"

பீலிக்ஸோடு ஒரே அறையில் இருந்த விமலநாதன்தான் பகிடி விடுவான். "திருநீறை அழிச்சிட்டுப் போங்கோ, பீலிக்ஸ் அண்ணை. ஞானஸ்நானம் எப்ப?"

யார்டில் ஒரு சட்டம் இருந்தது. முதல் நாளே மைஸ்டர், அதாவது பட்டறைத் தலைவர், அதைச் செய்து காட்டினார். கிழவர், அதிகம் பேசாதவர். இயந்திரத்துக்குக் கீழே போகிறவன் சாவியைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தன் பெயர்த் தகட்டை ஏறும் கதவில் தொங்கவிட வேண்டும். மேலே ஏறுகிறவன் எதையும் தொடுமுன் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும். கீழே இருக்கிறவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் ஏறியவன் இறங்கிவிட வேண்டும்.

"முன்பு இந்தச் சட்டம் இல்லை," என்றார் மைஸ்டர். மூலையில் நின்ற பழைய லோடரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம். ஒரு பழைய பெரிய லோடர். மகேந்திரராஜா அதன் வாளியைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து ஹைட்ரோலிக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டியது... டக்... டக்... பிறகு வேறொரு சத்தம். இரும்பு முனை வைத்த சப்பாத்து. ஏணியில் ஒரு படி. இரண்டு. மூன்று. மேலே ஆசனம் 'புஸ்ஸ்' என்று அமுங்கியது. கனமான ஆள்.

"பீலிக்ஸ்."

தொண்டையில் மண் கிடக்கிற குரல்.

"யா," என்றார் இவர். "பீலிக்ஸ்."

ஆசனம் எழும்பியது. சப்பாத்து இறங்கிப் போனது.

காவல்காரனாக்கும் என்று நினைத்தார். காலையில் மைஸ்டரிடம் சொன்னார். கிழவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இங்கே இரவில் காவல் கிடையாது. வாசலை வெளியே பூட்டிவிட்டுப் போகிறவன் நான்." இவர் பக்கம் திரும்பினார். "பதில் சொன்னாயா?"

"சொன்னேன்."

"நல்லது. எப்போதும் சொல். பெயரோடு சொல்."

அதன் பிறகு வாரத்தில் ஒரு தரம், இரண்டு தரம் வரும். அதே மூன்று படி. அதே 'புஸ்ஸ்'. வேலையை விட்டுவிடலாம்தான். ஆனால் கொழும்பு லொட்ஜில் மனைவி சுந்தரேஸ்வரி பிள்ளையோடு கிடக்கிறாள். இந்தக் கடன் தீர்ந்தால்தான் அவளைக் கூப்பிடக் காசு சேர்க்கலாம். மாதத்தை எண்ணினார். "யா, பீலிக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நவம்பரோடு எட்டு மாதம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கெல்சென்கிர்ச்சன் நகரில் பீலிக்ஸின் அறைக்குப் போனார்.

"இன்னும் ஆயிரத்து நூறு கிடக்கு, ஐசே."

"என்னண்டு? எட்டு மாசமும் கழிச்சாச்சே!"

"வட்டி இருக்கு. காட்டுக்கு வாடகை இருக்கு. என்ரை பேரை உமக்குச் சும்மா தருவனோ? ஏலாதெண்டால் விடும். பொலிசுக்கு ஒரு போன் அடிச்சால் காணும், நீர் கொழும்பிலை நிப்பீர்."

விமலநாதன்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த இரவு. மூடுபனி. அதே லோடர். மூன்று மணி இருக்கும். படி... படி... படி... புஸ்ஸ்.

"பீலிக்ஸ்."

மகேந்திரராஜா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயர் நாக்கில் வரவில்லை. நெஞ்சுக்கு மேலே ஒரு முழத்தில் இரும்பு. சாவி இவருடைய பைக்குள். ஆனாலும் மேலே ஸ்டார்ட்டர் 'டிக்' என்றது. முட்டுக் கொடுத்த இரும்பு ஒரு விரலளவு கீழே வந்தது. எரிந்த கிரீஸ் மணத்தது.

"பீலிக்ஸ்."

இன்னும் ஒரு விரல்.

"பீலிக்ஸ் இங்கே இல்லை," என்றார், தெரிந்த ஜேர்மனில். "நான் பீலிக்ஸ் இல்லை."

இரும்பு நின்றது. பிறகு அந்தக் குரல்.

"எங்கே?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். பயத்தில் சொன்னாரா, ஆத்திரத்தில் சொன்னாரா, அதை அவர் நடேசனிடமும் சொல்லவில்லை. ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். வீட்டு இலக்கம் சொன்னார். நாலாம் மாடி, இடப்பக்கக் கதவு என்றும் சொன்னார்.

ஆசனம் எழும்பியது. சப்பாத்து இறங்கி, சரளைக் கல்லில் நடந்து, வாசல் பக்கம் போனது. பூட்டு அசையவில்லை. கதவு கிறீச்சிடவில்லை. நடை மட்டும் வெளியே கேட்டது... கால்வாய்க் கரையோடு... மேற்கே.

காலையில் மைஸ்டர் வந்து வாசலைத் திறந்ததும், கிடைத்த முதல் ரயிலில் ஓடினார். பீலிக்ஸின் அறை வாசலில் பொலிஸ் நின்றது. விமலநாதன் படியில் குந்தியிருந்தான்.

"மூண்டே காலுக்குக் கட்டில் முறியிற சத்தம், அண்ணை. லைட்டைப் போட்டன். கதவு உள்ளாலை பூட்டினபடி. மெத்தை நிலத்தோடை... பீலிக்ஸ்..." உள்ளங்கையைத் தட்டையாக விரித்துக் காட்டினான். "அறை முழுக்க டீசல் மணம்."

ஹம்மிலிருந்து அந்த நேரத்தில் ரயில் கிடையாது. காரில் வந்தாலும் கால் மணியில் வர முடியாது. உள்ளே நின்ற டாக்டர் பேனையைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார்.

விமலநாதன் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினான். பீலிக்ஸின் கடன் கொப்பி.

"தலையணைக்குக் கீழை கிடந்தது. உங்கடை பக்கத்தைப் பாருங்கோ."

எட்டுப் பேருடைய கடன் அதில் இருந்தது. ஏழு பேருடையது அப்படியே கிடந்தது. மகேந்திரராஜாவின் பக்கத்தில் பழைய தொகையும் புதிய ஆயிரத்து நூறும் ஒரே கோட்டில் வெட்டப்பட்டிருந்தன. பேனைக் கோடு இல்லை. விரலால் இழுத்த கோடு, கறுப்புக் கிரீஸ். எங்கள் விரல் மூன்றைச் சேர்த்தால் அந்த அகலம் வரும்.

கடன் தீர்ந்தது. அவர் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்...

கிரீஸ் இன்னும் சூடாக இருந்தது.