காதுமடலில் காய்ந்த சிமெண்ட்

மாலை வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது மின்விசிறி, டீச்சர். அதற்கு அடுத்தபடி நீங்கள் கதை நடத்தும் விதம். நாளெல்லாம் மணல் சலித்துவிட்டு வருபவனுக்கு இரண்டும் ஒரே அறையில் கிடைப்பது கொடுப்பினைதான்.

நோக்குநிலைப் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். 'நான்' என்று கதை சொல்பவன் தன் கண்ணில் பட்டதை மட்டுமே சொல்லலாம். அப்படியிருந்தும் என் கதையில் இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டீர்கள். அந்த இரண்டால் ஆண்டு மலரில் எனக்கு இடம் இல்லாமல் போகிறது. அதனால்தான் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நேற்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "கதை சொல்றவர் கீழ மணல் சலிக்கிறார். அவரோட சகலை நாலாவது மாடிச் சாரத்துல நின்னு பூசுறார். சகலையோட காதுமடல்ல சிமெண்ட் காஞ்சு வெடிச்சிருந்தது இவருக்கு எப்படிங்க தெரியும்?"

"அவருக்குக் கழுகுக் கண்ணு டீச்சர்" என்றார் தையல்கார அக்கா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சகலையைக் குறை சொல்ல மாட்டேன். கலகலப்பான ஆள். சாப்பாட்டு வேளையில் நான் எழுத்துக்கூட்டிக் கதை வாசித்தால், "கூட்ஸ் வண்டி கெளம்பிருச்சுப்பா, அடுத்த எழுத்து வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுரலாம்" என்பான். மேஸ்திரியிலிருந்து சித்தாள் வரை வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் கதை முடிய நாலே வரி பாக்கி. 'கூ' என்று ஊதினான். எல்லாரும் சிரித்தபடியே எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. முகம் கழுவினேன். வெற்றிலை போட்டேன். பிறகு மாடியேறினேன்.

சாரப் பலகையைக் கயிற்றால்தான் கட்டியிருப்பார்கள். முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் நகர்த்தினால் போதும். நகர்த்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"என்ன சகலை, ஸ்டேஷன் மாறி வந்துட்டியா?" என்று கேட்டபடி திரும்பினான். அப்போதுதான் அந்தக் காதுமடலைப் பார்த்தேன். அடுத்த அடியைப் பலகையின் முனையில் வைத்தான்.

கீழே எல்லாரும் ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து மிச்சமிருந்த நாலு வரியையும் உரக்க வாசித்தேன். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை, டீச்சர். நீங்கள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

கால் வழுக்கிவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. என் கதையை மச்சினிக்கு வாசித்துக் காட்டினேன். "அவரு பேசுற மாதிரியே இருக்கு மாமா" என்று அழுதாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

ஆகவே நோக்குநிலையில் பிழையில்லை. 'கீழே' என்ற ஒரு சொல்தான் பிழை. அதை அடித்துவிட்டு 'அவன் பக்கத்தில்' என்று எழுதியிருக்கிறேன். இனி இந்தக் கதையில் நான் பார்க்காதது ஒன்றுமில்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள், டீச்சர்.