நாலாவது முறை வந்த கடன் கணக்கு

சரோஜா: ...அந்த வூடு வூடா கடன் கணக்கு எடுக்குற தம்பி நேத்தும் வந்துச்சாமே?

கஸ்தூரி: ஆமாம்மா. நீ மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் பூட்ட.

சரோஜா: எறாவ உரிச்சிகினே பேசுடி. இன்னா கேட்டாரு?

கஸ்தூரி: நம்ம வூட்டுக் கடன் எவ்ளோன்னு...

சரோஜா: மூணு தபா சொல்லியாச்சே! லைட்ஹவுஸ் குப்பத்துல வேற வூடே இல்லியா?

கஸ்தூரி: சராசரி சரியா வரலியாம்.

சரோஜா: யாரு வரல?

கஸ்தூரி: ஐயோ... சராசரிம்மா! எல்லா வூட்டுக் கடனையும் கூட்டி, எத்தினி வூடோ அதால வகுக்குறது. நம்ம குப்பத்துல வூட்டுக்கு ஆயிரத்து எரநூறு ரூபா வருதாம்.

சரோஜா: அடியாத்தி! பக்கத்து வூட்டு ஆரோக்கியமேரி ஒரு கரண்டி சக்கர கூட கடன் கேட்டதில்லியே. அவ தலையிலயுமா?

கஸ்தூரி: தலையில இல்லம்மா, பேப்பர்ல. அர்ஜுனன் மாமா பேங்க்ல லோன் போட்டு இஞ்சின் படகு வாங்குனாரில்ல? அந்த ஒரு கடன் எல்லாத்தையும் மேல தூக்கிடுது.

சரோஜா: கூடையில ஒரே ஒரு பெரிய கொடுவா மீனு, மத்ததெல்லாம் சின்னச் சின்ன காரப்பொடி மீனு. அப்டித்தான?

கஸ்தூரி: அதேதான்! அதனால வூடுங்கள கடன் கம்மியிலேர்ந்து ஜாஸ்தி வரைக்கும் வரிசையா நிக்க வச்சி, நட்டநடுவுல நிக்குற வூட்டப் பாக்கணுமாம். அதுக்கு நூறு ரூபா கூட தேறாதாம்.

சரோஜா: இவ்ளோவும் அவரு சொன்னாரா?

கஸ்தூரி: ...ம்.

சரோஜா: நின்னுகினேவா?

கஸ்தூரி: ஒக்காந்துதான்.

சரோஜா: டீ?

கஸ்தூரி: ...ரெண்டு கிளாஸ்.

சரோஜா: மத்த வூட்ல?

கஸ்தூரி: எங்கியும் குடிக்க மாட்டாராம்.

சரோஜா: பாத்தியா! இதுக்குச் சராசரி போட்டா ஒண்ணுமே வெளங்காது!

கஸ்தூரி: சிரிக்காதம்மா... இன்னியோட இந்தப் பக்கம் வேல முடியுதாம். நாளையிலேர்ந்து வேற ஊராம்.

சரோஜா: இன்னாடி, கண்ணு கலங்குது?

கஸ்தூரி: எறா முள்ளு குத்திடுச்சி...

சரோஜா: கையிலதான குத்தும்?

சீனிவாசன்: அம்மா... உள்ள வரலாமா?

சரோஜா: வாங்க தம்பி, ஒக்காருங்க. கஸ்தூரி, கைய கழுவிகினு டீ போடு.

சீனிவாசன்: ஆபீஸ்ல திட்டுறாங்கம்மா. மொதல்ல கடனே இல்லன்னீங்க. அப்புறம் ரெண்டாயிரம். மூணாவது வாட்டி எண்ணூறு. உண்மையில எவ்ளோம்மா?

சரோஜா: அது இருக்கட்டும். திருப்பாலைவனத்துல ஒங்க வூட்ல பொண்ணு பாக்குறாங்களாமே?

சீனிவாசன்: பாக்குறாங்க... நான்தான் வேணாம்னு...

சரோஜா: ஏன்?

கஸ்தூரி: அம்மா! சும்மா இரு!

சீனிவாசன்: இல்லங்க, நானே சொல்லிடறேன்... ஆபீஸ்ல யாரும் திட்டலம்மா. நீங்க மொத நாள் சொன்னத அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன். இந்த வீட்டுக் கணக்கு எப்பவோ முடிஞ்சிடுச்சி. நான்தான்... கஸ்தூரியப் பாக்க... கோச்சிக்காதீங்கம்மா.

சரோஜா: நான் ஏன் தம்பி கோச்சிக்கப் போறேன்? எங்களுக்கு ஒத்தப் பைசா கடன் கெடையாது. ஒரே பதிலச் சொன்னா மறுபடி வர நீங்க இன்னா சாக்கு சொல்லுவீங்க? அதான் ஒவ்வொரு தபாவும் மாத்தி மாத்திச் சொன்னேன். இவ நைனாவுக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம ஒங்க அம்மாவ இட்டுகினு வாங்க!