செவ்வாக்கிழமத் தண்ணி

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராணி இருந்தாளாம், அவ வயித்துக்குள்ள ஒரு கொளம் இருந்துச்சாம், கொளம் ரொம்புனாத்தான் உள்ள இருக்குற மீனு தெரியுமாம்... இப்புடித்தாங்க்கா கதைய எடுத்து உட்டேன், அவளத் தண்ணி குடிக்க வைக்க. அந்த ராணிக்குச் செவ்வாக்கிழமையே வராதான்னு கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

மகளா? இல்லக்கா, தங்கச்சி. எனக்கே பத்தொம்பதுதான். தினுஷாவுக்கு எட்டு. அந்தா, ஜன்னல்கிட்ட கால மாத்தி மாத்தி நிக்கிறாளே, அவதான். மூணு மாசமா வயித்துவலி. டொக்டர் ஸ்கேனுக்குத் துண்டு எழுதிக் குடுத்தாரு. ராத்திரியிலருந்து சாப்பாடு கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு முந்தித் தண்ணி குடிச்சு, ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு வரணும்னாங்க. இன்னிக்கு உட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் போகும்.

சாப்பாடு கூடாதுன்னதும் சந்தோசமாத் தலையாட்டுனா. அங்கதான் நான் ஏமாந்தேன். செவ்வாக்கிழமன்னா அவளுக்கு விரதம். நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயி நாலு வருசங்க்கா. அம்மா வந்து சேர்ற வரைக்கும், செவ்வாக்கிழம பொழுது சாயாமப் பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு மாரியம்மனுக்கு அவளே நேந்துக்கிட்டா. நான் சோத்துக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன். ஸ்கூலுக்குக் கொண்டுபோற தண்ணிப் போத்தல் ரொம்புனபடியே திரும்பி வரும், நானும் அதப் பெருசா எடுத்துக்கல.

அப்பாவா? தம்புள்ள சந்தையில லொறிக்கு மரக்கறி ஏத்துறாரு. ஞாயித்துக்கிழமதான் வருவாரு.

எட்டு மணிக்கே வந்துட்டோம். நர்ஸ் மிஸ் வயித்த அமுக்கிப் பாத்துட்டு, தண்ணியே இல்லையேன்னு சிங்களத்துல ஏசுனாங்க. ஏச்சுன்னா பெரிய ஏச்சு இல்ல. கடைசியாக் கூப்புடுறேன், அதுக்குள்ள குடிக்க வையுங்கன்னாங்க. அதான் பாருங்க, எல்லாரும் போயி நீங்களும் நாங்களுந்தான் மிச்சம்.

கெஞ்சுனேன். இது மருந்து மாதிரி, விரதம் கெடாதுன்னேன். கோயில் தீர்த்தம்னு நெனச்சுக்கன்னேன். தீர்த்தத்துக்கு யாரு மூடி போட்டு லேபல் ஒட்டுனாங்கன்னு கேக்குறா. சிரிக்காதீங்க, அவ காதுல உழுந்துரும். அப்புறந்தான் காதுக்குள்ள ஒண்ணு சொன்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தா. ஒரு போத்தல் மூச்சு உடாமக் குடிச்சா, அடுத்ததுலயும் பாதி.

என்னன்னா... இருங்க, கூப்புடுறாங்க. தினுஷா, ஓடாத, மெதுவாப் போ. அக்காவும் வரவா? வேணாமா? சரி, மிஸ் கையப் புடிச்சுக்க.

போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

அம்மா வந்துட்டாங்க, நேத்திக்கடன் முடிஞ்சிருச்சு, இனிக் குடிக்கலாம்னு சொன்னேன். அவ்வளவுதான்.

ஐயோ, பொய் இல்லக்கா. சாமி விசயத்துல பொய் சொல்வேனா? நெசமாவே வந்துட்டாங்க. போன மாசம். குருணாகல்ல இருக்காங்க, ஒருத்தரோட. எனக்கு மட்டும் போன் எடுத்தாங்க. அப்பாகிட்டயும் சொல்லாத, சின்னவகிட்டயும் சொல்லாதன்னாங்க. நானும் சொல்லல. அதுக்கப்புறம் நாலு செவ்வாக்கிழம போயிருச்சுக்கா. நாலு நாளும் அவ பட்டினியாக் கெடந்தா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் வாயத் தொறக்கல. இன்னிக்கு ஒங்ககிட்டத்தான்.

வெளிய வந்தா அம்மா எங்கன்னுதான் மொதல்ல கேப்பா. குருணாகல்னு சொன்னா, இப்பவே பஸ் ஏறுவோம்னு நிப்பா. பஸ் எங்க நிக்கும்னு அவளுக்கே தெரியும்.

ஒங்களத்தான் கூப்புடுறாங்க, பக்கத்து ரூமுக்கு. எந்திரிங்க, நீங்களும் தண்ணி குடிச்சிருக்கீங்க. இல்லக்கா, எனக்குத் தொணைக்கு ஆள் வேணாம். நான் இருந்துக்குவேன். போங்க.