நீர் புகா உடுப்பைப் பற்றி என் அபிப்பிராயம்

துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கொலைகாரன் யாரென்று முன்பே தெரிந்துவிட்டால் அவன் குடிக்கிற காபியில்கூட விஷம் இருப்பதாகத் தோன்றும். மனிதனை மனிதனாகப் பார்க்க முடியாது. அதனால் இதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீங்களும் அதே வரிசையில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் சகாதேவன். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கலையரசன் ஏரியில் இறந்தபோது நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கம் உங்கள் ஸ்டேஷன் ஃபைலில் இருக்கும். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனால் விட்டுப்போனது நிறைய. விபத்து என்று நீங்கள் முடித்துவைத்ததில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்ததை நான் கொடுக்கவில்லை.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் இணையத்தில் எழுதுவேன். 'என் அபிப்பிராயம்' என்று பெயர் வைத்திருந்தேன். துப்பறியும் நாவல்கள், டென்னிஸ்போல வலை கட்டி ஆடும் பிக்கிள்பாலுக்கான மட்டைகள், மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும் நீர் புகாத உடுப்புகள். இந்த மூன்றைப் பற்றி மட்டும்தான். ஏன் இந்த மூன்று என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மனசுக்கு, உடம்புக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு பதில் வைத்திருந்தேன். ஆறாயிரம் பேர் தொடர்ந்து படித்தார்கள். ஓசூரில் ஒருவர் என் பேச்சைக் கேட்டு மட்டையை மாற்றி, தோள் வலி போய்விட்டது என்று எழுதியிருந்தார். அதை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

உண்மையான பதில் வேறு. மூன்றும் கலையரசனுடையவை.

நாங்கள் இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தான். பையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். ரியாசுதீன் பாய் தன் விடுதிக்குப் பின்னால் சிமென்ட் தரையில் கோடு போட்டு, தங்க வருகிறவர்களுக்காகப் பிக்கிள்பால் வலை கட்டியபோது உள்ளூரில் முதலில் போய் நின்றவன் அவன்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் ஏரியில் தூண்டில் போடுவான். அங்கேயும் நான் கூடப் போவேன். அவன் படிப்பான், ஆடுவான், தண்ணீரில் இறங்குவான். திரும்பி வரும்போது வண்டியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவான். எடை கம்மியான மட்டை மணிக்கட்டைக் கெடுக்கும் என்பான். இந்தக் கதையில் டாக்டரை அம்பதாம் பக்கத்திலேயே பிடிச்சிட்டேன்டா என்பான். மறுநாள் அதை நான் நல்ல தமிழில் எழுதுவேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அதுவும் அவன் அபிப்பிராயம்தான். பழக்கத்தில் என்னுடையதாக எழுதிவிட்டேன்.

இது அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால் தெரியாது என்றே நான் வைத்துக்கொண்டேன்.

போன செப்டம்பரில் ஒரு காலை, வேலூரிலிருந்து வந்திருந்த ஒருவர் பிக்கிள்பால் மைதானத்தில் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார். என் எழுத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறாராம். முழங்கை வலிக்கு எந்த மட்டை நல்லது என்று கேட்டார். அதைப் பற்றி நாங்கள் வண்டியில் பேசியிருக்கவில்லை. கலையரசன் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரித்தான்.

"அவன்கிட்ட இன்னா கேக்கறீங்க சார். நான் சொல்றேன், அவன் எழுதறான். புக்கைக்கூட படிக்கமாட்டான், கதைய நான்தான் சொல்லணும்."

அங்கே எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலூர்க்காரர் அவன் பக்கம் திரும்பி முழங்கையைக் காட்டினார். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் மறந்தும்போனான். வண்டியில் வரும்போது புதிதாகப் படித்த ஒரு கதையைச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு கம்பெனி எனக்கு ஓர் உடுப்பு அனுப்பியது. போட்டுப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பூட்ஸும் கால்சட்டையும் ஒன்றாக ஒட்டி, மார்பு வரை வரும். தோளில் இரண்டு பட்டை. கூடவே இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட். அதைப் பார்த்ததும் கலையரசன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. இடது காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. ஏரித் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதமாகக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஒரு பொருளையாவது நானே சோதித்து எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு புதன்கிழமை கடையை மூடிவிட்டுத் தனியாக ஏரிக்குப் போனேன். பெல்ட்டைக் கட்டவில்லை. அது எதற்கு என்று தெரியாது. முழங்கால் அளவு, இடுப்பு அளவு தண்ணீரில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. கரையை ஒட்டி, கோடையில் வண்டல் மண் அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது. அதில் கால் வைத்துவிட்டேன். மார்புக்கு மேலே தண்ணீர் ஏறி உடுப்புக்குள் இறங்கியது. நீர் புகாத துணி, புகுந்த நீரை வெளியேயும் விடாது. எனக்கு நீச்சல் தெரியாது. ஏரி அப்போது பாதிதான் நிரம்பியிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கருவேலங்கிளை ஒன்று கைக்கு அகப்பட்டதால் பிழைத்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியவில்லை. ஏற முயன்றபோதுதான் இரண்டு காலிலும் இரண்டு ஆள் தொங்குவதுபோல் இருந்தது. கையில் முள் கிழித்து ரத்தம். சேற்றில் தவழ்ந்து கரைக்கு வந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, உடுப்போடு வந்திருந்த குறிப்புத் தாளைப் படித்தேன். பெல்ட் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. மறு வாரம் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிளையில் கயிறு கட்டி அதைப் பிடித்தபடி அதே பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். நெஞ்சில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். சுலபமாக ஏறி வந்தேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கே எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. யாரும் வண்டியில் சொல்லாதது. என் உடம்பில் நான் கண்டது.

அதை நான் எழுதவில்லை. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, கால் காய்ந்தே இருந்தது, ஏரியில் இறங்குகிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்வேன் என்று எழுதினேன். அதில் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கலையரசன் படித்துவிட்டு மறுநாளே கடைக்கு வந்தான். உடுப்பைக் கொடுத்தேன். பெல்ட்டும் அந்தத் தாளும் என் மேசை டிராயரில் இருந்தன. அவன் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினான். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவன் அவர்களுக்குச் சலாம் வைத்தான்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பயப்படவேண்டும் என்று நினைத்தேன். நான் தவழ்ந்ததுபோல அவனும் சேற்றில் தவழவேண்டும், அதை நான் பார்க்கவேண்டும், மைதானத்தில் எட்டுப் பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கவேண்டும். அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். அதனால் இதில் ஆபத்து கம்மி என்று கணக்குப் போட்டேன்.

தீபம் முடிந்த இரண்டாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏரிக்குப் போனோம். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. பள்ளம் வெளியே தெரியவில்லை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால் பவுடர் போட்ட மாதிரி இருக்குடா என்றான். ஆறு மாதம் கழித்து இறங்கியிருந்தான். சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரைக் கையால் தட்டினான். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னும் உள்ள போலாமா?"

"போ. நான் போட்டுப் பார்த்துட்டேன். விரால் அந்தப் பக்கம்தான் கெடக்கும்."

கையை நீட்டிப் பள்ளம் இருந்த பக்கத்தைக் காட்டினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மீனைப் பற்றி நான் அவனுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்தது ஃபைலில் இருக்கிறது. அவன் தண்ணீரில் மாட்டிக்கொண்டதும், நான் உதவிக்கு ஓடியதும், மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த திருமலை என்பவர் என்னோடு ஓடிவந்ததும், நாங்கள் வந்தபோது ஏரியில் ஒன்றும் தெரியாமல் இருந்ததும். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறேன்.

காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி வினோதினி எனக்கு போன் செய்தாள். உடுப்போடு ஒரு பெல்ட் வந்திருக்கவேண்டும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அவசரத்தில் எங்கேயோ போட்டுவிட்டிருப்பார் என்று அவளே முடிவு செய்திருந்தாள். நீங்கள் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், பெல்ட் கட்டாமல் யாரும் இறங்கவேண்டாம் என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். எழுதினேன். பள்ளம், கனம், உள்ளே போன தண்ணீர் வெளியே வராதது, எல்லாவற்றையும் எழுதினேன். நேரில் அனுபவித்ததுபோல இருக்கிறது என்று பாராட்டினார்கள். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். நான் எழுதியதிலேயே அதுதான் அதிகம். திண்டிவனத்தில் ஒருவர், தன் அப்பாவுக்கு உடனே பெல்ட் வாங்கிக் கொடுத்ததாகவும் அவர் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்றும் எழுதினார். மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன திங்கட்கிழமை வினோதினி கடைக்கு வந்தாள். மகள் அபிநயாவும் கூட வந்திருந்தாள். பள்ளியில் கொடுக்க இறப்புச் சான்றிதழ் பத்து நகல் வேண்டுமாம். எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் அவன் பெயர் மேலே வந்து விழுந்தது. அபிநயா சுவரில் ஒட்டியிருந்த ஓசூர்க்காரரின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இத வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்னாரு மாமா," என்றாள்.

வினோதினி தலையாட்டினாள். "உங்க எழுத்துன்னா அவருக்கு உசுருண்ணா. 'எனக்குத் தோணுது, சொல்லத் தெரியாது, சகா எழுதினாத்தான் நான் சொன்னது எனக்கே புரியுது'ன்னுவாரு."

தாள்களை அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணா? எதுவா இருந்தாலும் பரவால்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

ஒன்றும் சொல்லவில்லையம்மா, நான் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவள் என்னை நம்பினாள். நான் சொன்ன முழுப் பொய் அது ஒன்றுதான். அதைச் சொன்னபிறகு மற்ற எதையும் உண்மை என்று வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு வாரமாக எனக்கு எழுத வேறு விஷயம் இல்லை.

அவன் சொன்னது இது. நீங்கள் அவளிடம் தெரிவிக்க வேண்டும்.

பள்ளத்தில் விழுந்தவன் உடனே மூழ்கவில்லை. கையாலேயே நீந்தி, கல் பதித்த கரைக்கு வந்துவிட்டான். இரண்டு கையாலும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டான். நான் மேலே நின்றிருந்தேன். குனிந்தால் எட்டும் தூரம். அவன் கத்தவில்லை. நிதானமாகத்தான் பேசினான். "சகா, உள்ள தண்ணி ரொம்பிடுச்சுடா. கையக் குடு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மறுபடியும், "கையக் குடுடா," என்றான். முப்பத்தைந்து வருடத்தில் கலையரசன் என்னிடம் எதையும் இரண்டு முறை கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை கேட்கட்டும், கொடுக்கலாம் என்று நின்றேன். கல்லில் பாசி இருந்தது. அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுவதை நான் பார்த்தேன்.

மூன்றாவது முறை அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் உதவிக்கு ஓடினேன்.