மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு

செருப்போடு யாரும் மாடி ஏறக் கூடாது. என் வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம் அதுதான், ஐயா. சுரபாயாவில் மற்றக் கோஸ் வீடுகளில், அதுதான் அறை வாடகைக்கு விடும் வீடுகளில், சட்டங்களை வாசலிலேயே நீளமாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். என் வீட்டில் படிக்குக் கீழே ஒரு மரத்தட்டு, அவ்வளவுதான். தட்டில் செருப்பு இருந்தால் மேலே ஆள் உண்டு. இல்லையென்றால் படியின் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு நான் என் சோலியைப் பார்க்கப் போவேன்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு மாடிக் கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டேன். ஒரு மெத்தையும் ஒரு மின்விசிறியும் கொள்ளும். சன்னலுக்கு வழியில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஊரிலிருந்து வரும் பெண்கள் வேறெங்கே போய்த் தலைசாய்ப்பார்கள், சொல்லுங்கள். என்னை இபு என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று. வீட்டுக்காரியை அப்படித்தானே எல்லாரும் கூப்பிடுவது. மற்றவர்கள் வாய்ப்பேச்சுக்குச் சொன்னார்கள். நிங்ரும் என்ற பெண்தான் மனதாரச் சொன்னாள்.

இறால் கம்பெனியில் இரவு வேலை அவளுக்கு. விடிந்து வரும்போது எனக்கும் சேர்த்துச் சுடச்சுட வறுத்த வாழைப்பழம் வாங்கி வருவாள். காய்ச்சல் வந்தால் எனக்கு முதுகு தேய்த்துவிடுவாள். எனக்குப் பிள்ளை இல்லை, ஐயா. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு யூதி என்ற பையன் வந்தான். கடல் தாண்டி பாலிக்பாப்பானில் வேலை. கல்யாணம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

கப்பல் ஏற வேண்டிய அன்று, கடைசி வேலை முடிந்து காலையில் வந்தாள்.

"இபு, கண்ணெல்லாம் எரியுது. ஒரு தூக்கம் போடுறேன், மத்தியானம் எழுப்பி விட்டுருங்க. சாயங்காலம் கப்பல்."

"நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"அட போங்க இபு. நாளைக்கே வேற ஒருத்தி வந்துருவா. என் ரூம் காலியாவா கெடக்கப் போகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 

மற்றப் பெண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் நான் அவளை எழுப்பவில்லை. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை பாருங்கள். ஒரு கப்பல் போனால் அடுத்த கப்பல் வரப்போகிறது. தட்டில் இருந்த அவள் செருப்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு கம்பிக் கதவைப் பூட்டினேன்.

யூதி வந்தான். "எங்க இபு அவ? போன எடுக்கவே மாட்டேங்குறா."

"அவ அப்பவே தொறைமுகத்துக்குக் கெளம்பிட்டாளே தம்பி. செருப்பக் காணோம் பாரு."

தட்டைப் பார்த்தான். நம்பிவிட்டான். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன்.

சந்துத் தலைவர் தார்மோ வீட்டில் விருந்துச் சமையல். கைவேலைக்கு நானும் போயிருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது என் வீட்டு மாடியில் தீ என்று வெளியே கத்தினார்கள். பலகைக்குப் பின்னால் ஓடிய மின்கம்பி பழசு. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் என் வீட்டு வாசலுக்கு ஓடினேன். தார்மோ பின்னாலேயே ஓடிவந்து கேட்டார், "இபு, மேல யாராச்சும் இருக்காங்களா?"

சாவி என் இடுப்பில் இருந்தது. செருப்பு என் பையில் இருந்தது. இருக்கிறாள் என்றால், பிறகு ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள். யூதிக்குத் தெரிந்துவிடும். அவளுக்கும் தெரிந்துவிடும். இனி என்னை இபு என்று கூப்பிடுவாளா?

"யாருமில்ல," என்றேன்.

அவர் எட்டித் தட்டைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுச் செவுத்துல தண்ணிய அடிங்கப்பா," என்று ஆட்களைத் திருப்பிவிட்டார். மேலே இருந்து தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தகரம் வெடிக்கிறது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். சத்தம் நிற்கும்வரை அங்கேயேதான் நின்றேன். விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.

நேற்று அவளைப் பெற்றவள் ஊரிலிருந்து வந்திருந்தாள். பாவம், கருகிய படியில் உட்கார்ந்துகொண்டு, "எம்பொண்ணு தொட்டது எதுவுமே மிஞ்சலியாங்க?" என்று என் கையைப் பிடித்து அழுதாள். எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்லித் தேற்றினேன். நானும் அழுதேன். அவள் போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை, இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இதுதான் அந்தச் செருப்பு. வழக்குக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிந்ததும் நேற்று வந்த அந்தப் பொம்பளையிடம் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. அவளுடைய அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும். நான் எங்கே இருந்தாலும் அங்கே அனுப்பிவையுங்கள்.