சென்சார் லைட்டு அணையாதது குறித்தும் மட்டி வாழை சாய்ந்தது குறித்தும்

பெயர்: முருகதாஸ். வயது: 57. தகப்பனார் பெயர்: சுயம்புலிங்கம். முகவரி: 4/17, தோப்புவிளைத் தெரு, கொட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம். தொழில்: எலக்ட்ரீஷியன். (முதலில் "வேலையில்லை" என்று எழுதப்பட்டதை அடித்துத் திருத்தும்படி நான் கேட்டுக்கொண்டேன்.) வாக்குமூலம் பதிவு செய்யப்பட்ட நாள்: 30.06.2025, காலை 11 மணி.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி பகவதியுடன் குடியிருந்து வருகிறேன். என்மேல் புகார் கொடுத்துள்ள சைபுதீன், வயது 58, என் கிழக்கு வீட்டுக்காரர். நானும் அவரும் சவூதி நாட்டுத் தம்மாமில் ஒரே கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தோம். நான் எலக்ட்ரீஷியன், அவர் ஸ்டோர் கீப்பர், இருவருக்கும் ஒரே அறை. ஊர் திரும்பிய பிறகு அடுத்தடுத்து மனை வாங்கி வீடு கட்டினோம். எங்களுக்குள் முன்விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டது. கிடையாது. தினமும் மாலை நாலு மணிக்கு, இரண்டு மனைக்கும் நடுவே உள்ள மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சாயா குடிக்கிறவர்களுக்குள் என்ன முன்விரோதம் இருக்க முடியும் என்று திருப்பிக் கேட்டேன். கேள்வி கேட்பது என் வேலை அல்ல என்று சொல்லப்பட்டது.

என் வீட்டுக்குக் கிழக்கே குவித்துப் போட்டிருந்த தேங்காய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதால், 28.05.2025 அன்று நாகர்கோவிலில் ஒரு கடையில் சென்சார் லைட்டு ஒன்று வாங்கி வந்து வீட்டின் கிழக்குச் சுவரில் நானே மாட்டினேன். இருட்டிய பிறகு ஆளோ நாயோ நடந்தால் அது தானாக எரியும், இரண்டு நிமிடத்தில் தானாக அணையும். வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சை ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சவூதியில் ஆறு மாடிக் கட்டிடத்துக்கு வயர் இழுத்தவனுக்குத் தாள் எதற்கு என்று அன்று நினைத்தேன் எனச் சொன்னேன்.

அதன் பிறகு, லைட்டு மாட்டிய மூன்றாம் நாளே சாயந்தரம் எரிந்த லைட்டு விடியும்வரை அணையவில்லை. அதன் வெளிச்சம் நேராக சைபுதீன் வீட்டு ஜன்னலில் விழுந்தது. அந்த அறையில்தான் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அவருடைய மகள் ஷாஹினாஸ் படுத்திருந்தாள். மறுநாள் சைபுதீன் சுவருக்கு மேலாக, "மக்கா முருகதாசு, ஒனக்க லைட்டு எனக்க வீட்டப் பகலாக்கிட்டு. பிள்ளத்தாச்சி ஒறங்காண்டாமா?" என்று கேட்டார். நான், "நாளைக்குள்ள சரியாக்கித் தாறேன்" என்றேன். அதுவரை சுவிட்சை அணைத்து வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். எலக்ட்ரீஷியன் வீட்டில் பழுதான லைட்டை அணைத்துப் போட்டுவிட்டுப் படுப்பது கேவலம் என்பதால் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. இதில் என் வீம்பு இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு 02.06.2025 அன்று ஏணி வைத்து ஏறி லைட்டைத் திறந்து பார்த்ததில் உள்ளே பல்லி முட்டை இரண்டும் எறும்புக்கூடு ஒன்றும் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, ராத்திரி என்று அது நினைக்கும்படி, வெளிச்சம் அறியும் கண்ணை மட்டும் கறுப்புத் துணியால் மூடி, சுவிட்சைப் போட்டு, மனைவியை முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிச் சோதித்தேன். அவர் நடந்தபோது எரிந்தது, நின்றபோது அணைந்தது. பகல் முழுவதும் சமர்த்துப் பிள்ளையாக இருந்துவிட்டு, ராத்திரி மறுபடி விடியவிடிய எரிந்தது. அதன் பிறகு 05.06.2025 அன்று வயரை மாற்றினேன். 09.06.2025 அன்று சென்சாரை மாற்றினேன். 12.06.2025 அன்று லைட்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் வேறு வாங்கினேன். கடைக்காரப் பெண் ஜினிஷா என்பவர், "தாள வாசிச்சுப் பாத்தியளா?" என்று கேட்டதற்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். புதிய லைட்டுக்கும் அதே நோய் வந்தது.

வயரை மாற்றிய 05.06.2025 முதலே நான் ஒரு நோட்டுப் போட்டு, காற்று அடித்ததா, லைட்டு அணைந்ததா என்று தினமும் குறித்து வந்தேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்துள்ளேன். அதன்படி, காற்று அடித்த நாட்கள் ஒன்பது, ஒன்பதிலும் லைட்டு அணையவில்லை. காற்று இல்லாத நாட்கள் நான்கு, நான்கிலும் ஒழுங்காக அணைந்தது. சைபுதீன் தோட்டத்தில் சுவரை ஒட்டி, எங்கள் பக்கத்துச் சிறு பழ ரகமான மட்டி வாழை ஒன்று நின்றது. காற்றில் அதன் இலை ஆடுவதை ஆள் என்று நினைத்துத்தான் லைட்டு எரிகிறது என்று நான் முடிவு செய்தேன். நோட்டை மனைவியிடம் காட்டி, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டேன். அவர் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே, "எனக்கு என்ன தெரியும், நீங்க வேல படிச்சவிய" என்றார்.

அதன் பிறகு 18.06.2025 அன்று நோட்டைக் காட்டி, சுவர்ப் பக்கத்து இலை மூன்றை மட்டும் வெட்டித் தரும்படி சைபுதீனிடம் கேட்டேன். அவர், "குலை தள்ளின வாழைக்க எலைய எவனாம் வெட்டுவானா? எலை போனா குலை எப்பிடி வெளையும்? மவ ஆசப்பட்டுக் கேட்ட மட்டியாக்கும்" என்றார். நான் மறுபடி வற்புறுத்தினேன். அப்போது அவர், "லைட்டு பாக்கத் தெரியல்லன்னு சொல்லு. எலைய குத்தம் சொல்லாத" என்றார். தம்மாமில் என்னை "எஞ்சினியரே" என்று கூப்பிட்டவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு 20.06.2025, வெள்ளிக்கிழமை பகல் சுமார் 1 மணிக்கு, சைபுதீன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் தொரட்டியை எடுத்தேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்தது ஏன் என்று கேட்கப்பட்டது. இருந்தால் வெட்ட விடமாட்டார் என்பதால்தான். என் இடத்தில் நின்றபடியே சுவருக்கு மேலாக இரண்டு இலைகளை அறுத்தேன். மூன்றாவதில் தொரட்டி மாட்டிக்கொண்டது. பலமாக இழுத்தேன், அந்த நேரம் பார்த்துக் காற்றும் அடித்தது. வாழை மொத்தமாகச் சுவர்மேல் சாய்ந்து, குலை என் பக்கம் தொங்கியது. தரையில் விழாமல் இருக்க வேண்டுமே என்று குலையைத் தாங்கிப் பிடித்தேன். அது தண்டோடு முறிந்து கையில் வந்துவிட்டது. கீழே வைக்கவும் மனமில்லை, அந்தப் பக்கம் கொடுக்கவும் ஆளில்லை. தொழுகை முடிந்து வந்த சைபுதீன், தலையில் தொப்பியோடு சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, நான் அவருடைய குலையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். புகாரில் களவு என்று சொல்லப்பட்டிருப்பது இந்த நிகழ்ச்சிதான்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவர் ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அன்று சாயந்தரமும் காற்று அடித்தது. ஆடுவதற்கு இலையும் இல்லை, வாழையும் இல்லை. லைட்டு விடியும்வரை எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் புகார் கொடுக்கப்பட்டதாக அறிந்தேன்.

அதன் பிறகு 22.06.2025 அன்று வடசேரிச் சந்தையில் நல்ல மட்டிக்குலை ஒன்று வாங்கி, என் மனைவி மூலம் சைபுதீனின் மனைவி நூர்ஜஹான் பேகத்திடம் கொடுத்தனுப்பினேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இது சைபுதீனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். வாக்குமூலத்தில் ஒரு தடவை சொன்னதை மறைக்க வழியில்லை என்று சொல்லப்பட்டது.

அதன் பிறகு 25.06.2025 அன்று மாலை 6.30 மணிக்கு, இந்த வாக்குமூலத்தை எழுதிவரும் தலைமைக் காவலர் ஞானபாய் அவர்களே இடத்தைப் பார்வையிட வந்தார்கள். அன்றும் காற்று. நான் சாய்ந்த வாழையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அது விளக்கு வைக்கும் நேரம். சாமி விளக்கை ஏற்றி, வாசலுக்குக் கொண்டுவந்து, "தீபம், தீபம், தீபம்" என்று மூன்று தடவை சொல்லி வெளியே காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைப்பது என் மனைவியின் தாய்வீட்டுப் பழக்கம். அன்று விளக்கு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து "தீபம்" என்று சத்தம் கேட்டது, சென்சார் லைட்டு எரிந்து அணைந்தது. மறுபடி "தீபம்" கேட்டது, எரிந்து அணைந்தது. மூன்றாவது தீபத்துக்கு எரிந்த லைட்டு அணையாமல் அப்படியே நின்றுவிட்டது.

தலைமைக் காவலர் என் மனைவியைக் கூப்பிட்டு, "இது எத்தன நாளா நடக்கு?" என்று விசாரித்தார்கள். என் மனைவி, "லைட்டு மாட்டினதுலேருந்து உண்டும். காத்தில்லாத அண்ணைக்கு வெளக்கையே வெளிய கொண்டாந்து காட்டுவேன். காத்தடிச்சா வாசல் வாறதுக்குள்ள அணைஞ்சி போவும். வெளக்கு அணையப்பிடாதுல்லா? அதான் அதுக்குப் பதிலா இந்த லைட்டுக்க சுவிச்ச மூணு தடவ தட்டிக் காட்டுகேன்" என்றார். தலைமைக் காவலர், "எங்க வீட்டுலயும் இந்த லைட்டுதான். படபடன்னு தட்டினா பின்ன விடியது வர அணையாது. தாள்ல போட்டிருக்கே" என்றார்கள். தாம் சொன்னதை எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். எழுத வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற சைபுதீன் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு உள்ளே போனார். அவர் சிரித்ததைவிட, நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. அதன் பிறகு அவர், குலைக்கு ஈடு எதுவும் வேண்டாம், எனக்கு லைட்டு பார்க்கத் தெரியவில்லை என்று நான் எழுத்தில் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லியனுப்பினார். முடியாது என்று சொன்னேன். நாலு நாள் அப்படியே இருந்தேன். அந்த நாலு நாளும் மாலை நாலு மணிக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் சாயாவோடு நின்றேன். அது வாயில் வைக்க விளங்கவில்லை. இன்று காலை நானாகவே புறப்பட்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆகவே நான் சொல்வதாவது: வாழை இலைமேல் குற்றமில்லை. லைட்டிலும் பழுதில்லை. என் மனைவி காட்டிய தீபத்திலும் குற்றமில்லை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காற்றடிக்கும் நாளில் சுவிட்சை நிதானமாக, இடைவெளி விட்டுத் தட்டும்படி மட்டும் கேட்டிருக்கிறேன். எனக்கு லைட்டு பார்க்கத் தெரியவில்லை. "அந்த ஒரு லைட்டை மட்டும்" என்று சேர்க்கும்படி கேட்டேன். தகவல் கிடைத்து அப்போதுதான் தம் மனைவியுடன் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்த சைபுதீன், "அதெல்லாம் சேக்கப்பிடாது" என்று ஆட்சேபித்தார். சேர்க்கப்படவில்லை.

இதுவரை சொன்னது எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. கதவு திறந்திருந்ததால் வெளியேயும் கேட்டது. மட்டிக்குலை கொடுத்தனுப்பிய வரி வந்ததும் சைபுதீன் எழுந்து, "அப்ப நான் தின்ன பழம்?" என்று தம் மனைவியிடம் கேட்டார். நூர்ஜஹான் பேகம், "ஏழு தின்னிய" என்றார். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வாசித்து முடித்து, நான் பேனாவை வாங்கியபோது சைபுதீன் கதவருகே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து, "மோட்டாரு ஓடல்ல" என்றார். என்றிலிருந்து என்று கேட்டேன். நூர்ஜஹான் பேகம், "ஒம்பது நாளாச்சு அண்ணே. கெணத்துல வாளி போட்டு இவருதான் வீடு முழுக்கத் தண்ணி கோருகாரு, கையெல்லாம் பொத்துப் போச்சு. வேற ஆளக் கூப்பிடும்னா கேக்க மாட்டேங்காரு" என்றார். எனக்குக் கண் கலங்கியது. சைபுதீனின் கையைப் பிடித்துப் பார்த்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேலே உள்ளது முழுக்க நான் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி, அதற்கு நானே பொறுப்பு என்று அறிந்து கையெழுத்திடுகிறேன். மேற்கொண்டு விசாரணை இருந்தால் நாளை வருகிறேன். இப்போது எனக்கு மோட்டார் பார்க்கப் போக வேண்டும்.

(ஒப்பம்)
சு. முருகதாஸ்

என் முன்னிலையில்,
ஞானபாய், தலைமைக் காவலர்