இரண்டு வாளி, ஒரு மச்சான்

என் மச்சானுக்கு மதியம் சாப்பிட்டதும் கண்ணு சொக்கிடும் சார். அதை நான் குறையாச் சொல்லல. உழைக்கிற மனுஷன், தூங்கட்டுமே.

வீட்டுல அவர் என் பொண்டாட்டியோட அண்ணன். கான்கிரீட் ஆராய்ச்சிக் கூடத்துல எனக்கு மேலதிகாரி. விரிசல் விட்டாலும் கான்கிரீட் பிளந்து விழாம இருக்க, முடி மாதிரி பிளாஸ்டிக் இழை கலப்பாங்க. ஆனா பிளாஸ்டிக் மழமழன்னு இருக்கும். தண்ணி பட்டா உருண்டோடிடும், சிமென்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதையே மின்சாரம் பாயுற வாயுக்குள்ள கொஞ்ச நேரம் காட்டினா மேல்தோல் சொரசொரன்னு ஆயிடும். அப்புறம் உடும்புப் பிடிதான். ஒன்பது வருஷமா இதுதான் என் வேலை.

போன திங்கக்கிழமை மச்சான் சொன்னார். "ரெண்டு இழைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல மாப்ள. வெள்ளிக்கிழமையோட உன் பிரிவை இழுத்து மூடிடலாம்." நான் குரலை உசத்தல. தெரியலைன்னா தெரிய வைக்கிறதுதானே முறை?

அவருக்குப் பித்தவெடிப்பு உண்டு. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம், "மருந்துக் களிமண் வந்திருக்கு மச்சான், காலை வைங்க"ன்னேன். எண்ணெயில ஊறின தடிச்ச சாக்ஸை நானே மாட்டிவிட்டேன். சிமென்ட் தோலைப் புண்ணாக்கிடும் பாருங்க, நான் என்ன ராட்சசனா? வலது கால் வாளியில சாதா இழை. இடது கால் வாளியில என் இழை. சீக்கிரம் இறுகுற சிமென்ட், இறுகும்போது சூடு கொடுக்கும். "இதமா இருக்கு மாப்ள"ன்னு வாயாரச் சொல்லிட்டுக் குறட்டை விட ஆரம்பிச்சார்.

ஒரு மணி நேரம் கழிச்சு எழுந்திருக்கப் பார்த்தார், முடியல. கவனம் சிதறக் கூடாதுன்னு கதவைத் தாழ் போட்டு, அவர் போனை எடுத்துத் தள்ளி வச்சிருந்தேன். முதல்ல வலது பக்கம். வாளியை அறுத்தெடுத்துட்டு சுத்தியலால மூணே அடி, பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. அடுத்து இடது. பதினேழு அடி அடிச்சேன். விரிசல் விட்டுதே தவிர ஒரு துண்டு கழண்டு விழல. ஒவ்வொரு இழையும் இழுத்துப் பிடிச்சு நிக்குது. பெருமையில எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார்.

"வித்தியாசம் இருக்கு மாப்ள, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆளை விடு"ன்னு அலறினார். வாயால சொன்னா ஆராய்ச்சிக்கு ஆகுமா? காகிதத்தை நீட்டினேன்.

அலறல் கேட்டுப் பக்கத்து அறைக்காரங்க ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வந்தும் இடது கால் வெளிய வரல. கான்கிரீட்டோடதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க? அதையும் தயவுசெஞ்சு குறிச்சுக்குங்க.

செஞ்சது நான்தான், மறைக்கல. ஆனா மிரட்டி எழுதி வாங்கினேன்னு மட்டும் போட்டுடாதீங்க. சுத்தியலைக் கீழ வச்சுட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன். பிரிவை மூட மாட்டேன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். படிச்சுப் பாருங்க, 'யாரும் வற்புறுத்தாமல், முழு மனதுடன்'னு தெளிவா இருக்கும். முந்தின நாளே நான்தான் உட்கார்ந்து டைப் அடிச்சேன்.